ஃபைபர் வலையமைப்பின் கணக்கை எந்த மென்பொருளில் வைப்பது?

நீங்கள் கேட்டது இதுதான்: தாலுகா தலைநகர் ஒன்றில் கேபிள் டிவியாகத் தொடங்கி, இன்று இணைய இணைப்பும் கொடுக்கிறீர்கள். நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவான வீடுகள். கேபிள் ஓடும் பாதையை கூகுள் எர்த்தில் கோடாக வரைந்திருக்கிறீர்கள்; ஜாயிண்ட் (கேபிள்களை ஒட்டிச் சேர்க்கும் இடம்) விவரங்களில் பாதி எக்செல் கோப்பில் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் மூத்த ஸ்ப்ளைசரின், அதாவது இழைகளை ஒட்டுகிறவரின், நினைவில் இருக்கிறது, அவரோ இன்னும் சில மாதங்களில் வளைகுடா வேலைக்குப் போகப்போகிறார். இதற்கெல்லாம் ஒரு மென்பொருள் வாங்க வேண்டும், எது நல்லது, இலவசமாக ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர்களைப் பிறகு சொல்கிறேன். இந்தத் துறையில் மென்பொருள் விற்பவர்கள் முதலில் திரையில் காட்டுவது அழகான வரைபடத்தைத்தான். செயற்கைக்கோள் படத்தின் மேல் வண்ணக் கோடுகள், புள்ளியைத் தொட்டால் விரியும் பெட்டி, அதற்குள் ஒரு புகைப்படம். அதைப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் கேபிள் அறுந்த இரவில் உங்களுக்கு வேண்டியது கோடு ஓடும் தெரு மட்டும் அன்று. அறுந்த கேபிளில் உள்ள 48 கோர்களில், அதாவது கண்ணாடி இழைகளில், எவை உயிருள்ளவை, ஒவ்வொன்றும் எந்த போர்ட்டிலிருந்து கிளம்பி எந்த வீடுகளில் முடிகிறது என்பது. நிலத்துக்குப் புலப்படமும் வேண்டும், பட்டாவும் வேண்டும் என்பதைப் போல வலையமைப்புக்குப் பாதையும் வேண்டும், இணைப்புக் கணக்கும் வேண்டும். கூகுள் எர்த் கோப்பு புலப்படத்தோடு நின்றுவிடுகிறது. இணைப்புக் கணக்கை கோர் கோராக வைத்துக்கொள்ளத் தெரிந்த மென்பொருள்தான் நீங்கள் தேட வேண்டியது.

கோர் கோராக என்றால் என்ன பொருள் என்பதை உங்கள் எக்செல் கோப்பை வைத்தே சொல்லிவிடலாம். அதில் ‘29-ஆவது கோர்’ என்று எழுதியிருப்பீர்கள். கேபிளுக்குள் எந்தக் கோரின் மேலும் 29 என்று அச்சிட்டிருக்காது, நிறம்தான் இருக்கும். பரவலாகப் புழங்கும் அமெரிக்க டி.ஐ.ஏ. 598 வரிசை இது: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. கோர்கள் கேபிளுக்குள் டியூப் எனும் சிறு குழாய்களில் கட்டுக் கட்டாக இருக்கும். ஒரு டியூபுக்கு 12 கோர் உள்ள கேபிளில் 29 என்பது பச்சை டியூபின் சாம்பல் கோர். ஒரு டியூபுக்கு 6 கோர் உள்ள கேபிளில் அதே 29 சாம்பல் டியூபின் சாம்பல் கோர். இரண்டுமே சந்தையில் கிடைக்கின்றன. உங்கள் ஊரிலேயே இரண்டும் தொங்கிக்கொண்டிருக்கும். போதாததற்கு, டியூப்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்து, எண்ணத் தொடங்கும் டியூபுக்கு மட்டும் சிவப்பும் எண்ணும் திசையைக் காட்ட அடுத்ததற்குப் பச்சையும் கொடுக்கும் கேபிள்களும் உண்டு. ஆகவே கேபிளின் வகையை ஒருமுறை வரையறுத்துவிட்டால், எண்ணைக் கொடுத்தவுடன் டியூபின் நிறத்தையும் கோரின் நிறத்தையும் தானே சொல்லும் மென்பொருள் வேண்டும். இது சிறிய வசதியாகத் தெரியலாம். நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் கம்பத்தடியில் உட்கார்ந்து 24 கோர் ஒட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அடுத்தது ஜாயிண்ட் பாக்ஸ். அதற்குள் நடப்பதைத் தரவாகப் பார்த்தால் மிக எளிமையானது: ஒரு முனை இன்னொரு முனையோடு சேர்கிறது. முனை என்பது ஒரு கேபிள் துண்டின் ஒரு கோராக இருக்கலாம், ஸ்ப்ளிட்டரின் (ஒளியைப் பல வழிகளாகப் பிரிக்கும் சாதனம்) ஒரு காலாக இருக்கலாம், அலுவலக ரேக்கில் உள்ள ஒரு போர்ட்டாக இருக்கலாம். ‘இந்த முனை, அந்த முனை, இந்தப் பெட்டியில், இந்தத் தட்டில், இந்தத் தேதியில்’ என்று ஒரு வரி. இப்படிப்பட்ட வரிகள் முழுமையாக இருந்தால், ஓ.எல்.டி. (அலுவலகத்திலிருந்து ஒளியை அனுப்பும் கருவி) போர்ட்டிலிருந்து வாடிக்கையாளர் வீட்டு ஓ.என்.யூ. (அந்த ஒளியை வாங்கும் பெட்டி) வரை ஒரே மூச்சில் தொடர்ந்து போகலாம். ஒரு வரி விடுபட்டாலும் தொடர் அங்கேயே அறுந்துவிடும். பெட்டிக்குள் வெட்டாமல் அப்படியே கடந்து போகும் டியூப்களும் இருக்கும். அவற்றுக்கு ஸ்ப்ளைஸ் (ஒட்டு) இல்லை, ஆனாலும் அவை அந்தப் பெட்டி வழியாகப் போகின்றன என்ற தகவல் வேண்டும். பல எளிய மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. வெட்டாத டியூபையும் ஸ்ப்ளைஸ் ஆனதாக எழுதச் சொல்கின்றன, அல்லது அதை அந்தப் பெட்டியில் காட்டுவதே இல்லை. முதல் வகையில் பவர் கணக்கு, அதாவது வழியில் ஒளி எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு, கெடும். இரண்டாவது வகையில் அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவருக்கு, தன் கை பட்டால் எந்தெந்த வாடிக்கையாளர் துண்டிக்கப்படுவார்கள் என்பது தெரியாமல் போகும்.

நீளக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மென்பொருள் போட்ட காசைத் திருப்பித் தரும் இடம் இதுதான்.

ஓ.டி.டி.ஆர். கருவி அலுவலகத்திலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்கிறது. கருவி காட்டுவது கண்ணாடி இழையின் நீளம். சாலையில் அளக்கும் நீளம் வேறு. இழை டியூபுக்குள் சற்றுத் தளர்வாகவும், டியூப்கள் கேபிளுக்குள் முறுக்கிக்கொண்டும் ஓடுவதால், கேபிளின் உறையைவிட இழை பொதுவாக ஓரிரு சதவீதம் நீளமாக இருக்கும். கேபிளோ சாலையைவிட நீளம், ஏனென்றால் ஜாயிண்டுகளிலும் இடையிடையே சில கம்பங்களிலும் உபரிக் கேபிளை லூப்பாகச் சுற்றி விட்டிருப்பீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. கருவி 4,312 மீட்டரில் முறிவு என்று காட்டுகிறது. இழை மிகுதி ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உறையின் நீளம் 4,248 மீட்டர். வழியில் அலுவலகத்தில் ஒன்று, வெளியே மூன்று என நான்கு லூப்கள், ஒவ்வொன்றும் 20 மீட்டர். அதைக் கழித்தால் தரையில் 4,168 மீட்டர். கருவி சொன்னதற்கும் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடத்துக்கும் 144 மீட்டர் வித்தியாசம். கம்பங்கள் 40 மீட்டர் இடைவெளியில் நிற்கும் தெருவில் இது மூன்றரைக் கம்பம். மேலே தொங்கும் கேபிளாக இருந்தால் நடந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மண்ணுக்கடியில் 1.65 மீட்டர் ஆழத்தில், பி.எஸ்.என்.எல். பாணியில் புதைத்த கேபிளாக இருந்தால், தவறான இடத்தில் ஒரு குழி, அதற்கு ஒரு ஜே.சி.பி. வாடகை, ஒரு சாலை அனுமதி.

இதைவிடத் துல்லியமான வழியும் உண்டு, செலவே இல்லாதது. கேபிளின் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் அந்த எண் என்ன என்று பதிவு செய்துவிட்டால் லூப் கணக்கே தேவையில்லை, ஏனென்றால் லூப்பும் உறையின் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் முதல் டிரம் (ஒரே உருளையில் சுற்றி வரும் நீளம்) கேபிள் அலுவலகத்திலிருந்து 2,060 மீட்டரில் ஒரு ஜாயிண்டில் முடிகிறது என்று கொள்வோம். முறிவு அதிலிருந்து 2,188 மீட்டர் தள்ளி. அந்த ஜாயிண்டில் இரண்டாவது டிரம்மின் உறை எண் 3981 என்றும், அங்கிருந்து எண் குறைந்துகொண்டே போகிறது என்றும் பதிவு இருந்தால், நீங்கள் தேட வேண்டியது 1793 என்று அச்சிட்ட இடம். ஆட்களை அனுப்பும்போது ‘பள்ளிக்கூடம் தாண்டி எங்கோ’ என்று சொல்ல வேண்டாம், ‘1793-ஐப் பாருங்கள்’ என்று சொல்லலாம். வழியில் ஏதாவது கம்பத்தில் எண்ணைப் படித்தால் முன்னே போக வேண்டுமா பின்னே வர வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

ஆகவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும் இழை, உறை, சாலை என்ற மூன்று நீளங்களையும் அது தனித்தனியாக வைத்துக்கொள்கிறதா, உறை எண்ணுக்கு இடம் இருக்கிறதா, ஓ.டி.டி.ஆர். தூரத்தைக் கொடுத்தால் வரைபடத்தில் புள்ளியைக் காட்டுகிறதா என்று கேளுங்கள். கருவியிலும் ஒரு விஷயம் உண்டு. ஒளிவிலகல் எண்ணை 1.468 என்று வைக்க வேண்டிய இடத்தில் 1.475 என்று வைத்திருந்தால், 10 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 48 மீட்டர் பிசகும். கேபிள் வாங்கும்போது தயாரிப்பாளர் தரும் தாளில் இந்த எண் இருக்கும். அதையும் கேபிள் வகையோடு சேர்த்துப் பதிந்து வையுங்கள்.

முறிவைக் கண்டுபிடிக்க ஓ.டி.டி.ஆர். மட்டுமே வழி என்பதில்லை. ஓ.எல்.டி. ஏற்கெனவே உங்களுக்கு நிறையச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைக் கணக்கோடு பொருத்த ஆள்தான் இல்லை. ஒரு வீட்டில் மின்சாரம் போனால் ஓ.என்.யூ. அணையும் கடைசி நொடியில் ‘எனக்கு மின்சாரம் போய்விட்டது’ என்று ஒரு சமிக்ஞை அனுப்பிவிட்டுத்தான் அணையும். ஃபைபர் அறுந்தால் அந்தச் சமிக்ஞை வராது, ஒளி மட்டும் காணாமல் போகும். பதினான்கு வீடுகள் ஒரே நேரத்தில் ஒளி இழந்தால், அந்தப் பதினான்கும் பொதுவாகச் சேரும் புள்ளி எது என்பதை இணைப்புக் கணக்கிலிருந்து ஒரு நொடியில் எடுக்கலாம்: இரண்டாம் நிலை ஸ்ப்ளிட்டரா, அதற்கு வரும் கோரா, அதற்கும் மேலே உள்ள கேபிளா என்று. முதல் வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைப்பதற்கு முன்பே எந்தத் தெருவுக்கு ஆள் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று, பலரும் பயன்படுத்தாமல் விடுவது. ஜிபான் (ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வழியாகப் பல வீடுகளுக்குப் பகிரும் முறை) வகை ஓ.எல்.டி. ஒவ்வொரு ஓ.என்.யூ.வும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அளந்து வைத்திருக்கும். எல்லா வீடுகளின் சமிக்ஞையும் ஒன்றோடொன்று மோதாமல் முறைவைத்து வர அந்த அளவு அதற்குத் தேவை. அந்தத் தூரத்தை எடுத்து, உங்கள் கணக்கில் அந்த வீடு வரை கூட்டிவரும் கேபிள் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு 2,340 மீட்டர் என்றும் ஓ.எல்.டி. 3,100 மீட்டர் என்றும் சொன்னால், கணக்கில் அந்த வீடு தவறான ஸ்ப்ளிட்டரில் எழுதப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம். ஒரு பெட்டியைக்கூடத் திறக்காமல் நான்காயிரம் வீடுகளின் பதிவையும் சரிபார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

பவர் கணக்கும் இதே போலத்தான். பி பிளஸ் என்ற தரத்து ஜிபானில் தாங்கக்கூடிய மொத்த ஒளி இழப்பு 28 டெசிபெல். 1:8 ஸ்ப்ளிட்டர் இரண்டு நிலையில் வைத்தால் அதற்கே ஏறத்தாழ 21 போய்விடும். 6 கிலோமீட்டர் ஃபைபருக்கு, 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.1, ஸ்ப்ளைஸ் எட்டுக்கு 0.4, கனெக்டர் நான்குக்கு 1.2. மொத்தம் 24.7. கணக்கு இதை ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போட்டு, ஓ.என்.யூ. உண்மையில் காட்டும் பவரைப் பக்கத்தில் வைத்தால், வித்தியாசம் அதிகமுள்ள வீடுகள் மேலே வரும்படி ஒரு பட்டியல் கிடைக்கும். -21 வர வேண்டிய இடத்தில் -25 என்றால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது, கனெக்டர் அழுக்காகியிருக்கிறது, அல்லது ஒட்டு சரியில்லை. இணைப்பு இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதால் யாரும் புகார் செய்திருக்க மாட்டார்கள்.

இங்கே நம் ஊர் கேபிள் டிவிக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் தெருவோரமாக 10:90, 20:80 என்று சமமில்லாத கப்ளர்களை (ஒளியை இரண்டு கால்களாகப் பிரிப்பவை) சங்கிலியாகப் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். 10:90 கப்ளரில் பத்து சதவீதக் காலுக்கு இழப்பு கணக்குப்படி 10 டெசிபெல், தொண்ணூறு சதவீதக் காலுக்கு 0.46, நடைமுறையில் இரண்டுமே சற்றுக் கூடும். பல மென்பொருள்கள் ஸ்ப்ளிட்டர் என்றால் எல்லாக் கால்களும் சமம் என்றே எடுத்துக்கொள்கின்றன. காலுக்குக் கால் வேறு இழப்பு வைக்க முடியாத மென்பொருள் உங்கள் ஊருக்குப் பயன்படாது, அது எவ்வளவு பெரிய நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் சரி.

இனி பெயர்களுக்கு வருகிறேன். பெரிய தொலைபேசி நிறுவனங்களின் உலகில் பழைய பெயர் ஸ்மால்வேர்ல்டு. 1989-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கியது, 2000-இல் ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியது. ‘திட்டத்தில் இருக்கும் கேபிள்’, ‘களத்தில் போட்டு முடித்த கேபிள்’ என்று ஒரே வலையமைப்பின் பல வடிவங்களைப் பல வாரங்கள் தனித்தனியாக வைத்திருந்து, வேலை முடிந்ததும் ஒன்றாகச் சேர்க்கும் முறையைப் பரவலாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த எண்ணம் இன்றும் எந்த நல்ல மென்பொருளுக்கும் அடிப்படை. எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஸ் என்ற வரைபட மென்பொருளின் மேல் கட்டியவை இன்னொரு குடும்பம். 3-ஜிஸ் அதில் ஒன்று. ஐக்யூஜியோ, வெட்ரோ ஃபைபர்மேப் ஆகியவை இணைய உலாவியிலேயே இயங்குபவை. சிறிய அமெரிக்க நிறுவனங்களிடையே நெடுங்காலம் புழங்கிய ஓ.எஸ்.பி.இன்சைட் 2020-இல் ஐக்யூஜியோவிடம் போனது. இவற்றில் பெரும்பாலானவை ஆண்டுச் சந்தா முறையில், பயனர் எண்ணிக்கையையோ வலையமைப்பின் அளவையோ வைத்து விலை போடுகின்றன. உங்கள் அளவுக்கு ஸ்மால்வேர்ல்டு தேவையில்லை. மற்றவற்றின் விலையைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் ரூபாயில் வருமானம் உள்ள நான்காயிரம் வீட்டு நிறுவனத்துக்கு டாலர் சந்தா பாரமாகத்தான் இருக்கும். நெட்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் ரேக், ஸ்விட்ச், ஐ.பி. முகவரி ஆகியவற்றுக்கு அது மிக நல்லது. தெருவில் ஓடும் கேபிளுக்காக எழுதப்பட்டதன்று. அதில் 48 கோர் ஜாயிண்டை எழுத முயன்றால் சலித்துப்போவீர்கள்.

இலவசமாக வேண்டும், ஓரளவு கணினி தெரிந்த ஆள் ஒருவர் கையில் இருக்கிறார் என்றால், போஸ்ட்கிரெஸ் தரவுதளம், அதன் மேல் இடத் தரவுக்கு போஸ்ட்ஜிஸ், வரைபடத்துக்கு கியூஜிஸ், களத்தில் கைப்பேசிக்கு கியூஃபீல்டு என்ற கூட்டணியைத்தான் சொல்வேன். எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள், பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் நம்பிப் பயன்படுத்துபவை. அட்டவணைகள் அதிகம் தேவையில்லை: கம்பமும் சேம்பரும் (நிலத்தடித் தொட்டி) ஒன்று, கேபிள் துண்டு ஒன்று, கேபிள் வகை ஒன்று, ஜாயிண்ட் பெட்டியும் ஸ்ப்ளிட்டரும் போன்ற சாதனங்கள் ஒன்று, முனைகள் ஒன்று, முனையோடு முனை சேரும் இணைப்பு ஒன்று, வாடிக்கையாளர் ஒன்று. ஒரு முனையைப் பிடித்து, அது சேரும் முனையைக் கண்டு, அங்கிருந்து அடுத்ததைத் தேடிக் கடைசிவரை போகும் வேலையை போஸ்ட்கிரெஸ் ஒரே வினவலில் செய்துவிடும். ஒரு முனை இரண்டு இடங்களில் சேர்ந்திருப்பதாக யாராவது தவறி எழுதினால் ஏற்க மறுக்கும்படி தரவுதளத்திலேயே கட்டுப்பாடு வைக்கலாம். எக்செல் கோப்பில் இந்தக் காவல் கிடையாது, அதனால்தான் ஒரே கோரை இரண்டு பேருக்கு ஒதுக்கிய பதிவுகள் உருவாகின்றன.

இந்த வழியின் குறை என்னவென்றால், ஸ்ப்ளைஸ் செய்யும் திரையை நீங்களே எழுத வேண்டும். இடப்பக்கம் ஒரு கேபிளின் கோர்கள் அவற்றின் நிறத்தில், வலப்பக்கம் இன்னொன்று, இழுத்துச் சேர்த்தால் வரி பதிவாக வேண்டும். கியூஜிஸ் இதை இயல்பாகத் தராது. நிரலாளர் ஒருவருக்குச் சில வார வேலை. அந்த ஆள் இல்லையென்றால், அல்லது அவரும் வளைகுடா போய்விடக்கூடியவர் என்றால், சந்தாவுக்குப் பணம் கொடுப்பதே மேல். ஒருவரின் நினைவில் இருந்த வலையமைப்பை இன்னொருவரின் நிரலுக்குள் அடைத்துவைப்பதில் பயனில்லை.

வாங்குவதாக இருந்தால், விற்பவர் கொண்டுவரும் மாதிரித் தரவில் செயல்விளக்கம் பார்க்காதீர்கள். உங்கள் ஊரிலேயே மிகச் சிக்கலான ஒரு ஜாயிண்ட் பாக்ஸைத் தேர்ந்தெடுத்து, தாளில் வரைந்து கொடுங்கள். 48 கோர் ஒன்று உள்ளே வருகிறது. இரண்டு டியூப் வெட்டாமல் கடந்து போகிறது. 24 கோர் இரண்டு வெளியே கிளம்புகின்றன. உள்ளே ஒரு 1:8 ஸ்ப்ளிட்டர். ஒரு கோரில் 1550 நானோமீட்டரில் கேபிள் டிவி. இன்னொரு கோர் வேறொரு நிறுவனத்துக்கு வாடகைக்கு. இதை உங்கள் கண் முன்னால், உங்கள் ஸ்ப்ளைசர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உள்ளிடச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை முறை சொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அந்த அளவில்தான் உங்கள் ஆட்கள் தினமும் பாடுபடப் போகிறார்கள்.

பிறகு இரண்டாவது சோதனை. என் பார்வையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேபிளின் நடுவில் புதிதாக ஒரு ஜாயிண்ட் போடச் சொல்லுங்கள். களத்தில் இது அன்றாடம் நடப்பது: லாரி இழுத்து அறுந்த இடத்தில் பெட்டி வைத்து ஒட்டுவோம், புதிய தெருவுக்குக் கிளை எடுப்போம். மென்பொருள் கேபிளை இரண்டு துண்டாக்கி, இரு பக்கமும் கோர் எண்களைக் காப்பாற்றி, 48 ஸ்ப்ளைஸ்களையும் தானே நிறத்துக்கு நிறம் போட்டு, இருபுறமும் உறை எண்களைக் கேட்டு வாங்கி, அந்தக் கேபிள் வழியாகப் போகும் எந்த வாடிக்கையாளரின் தொடரும் அறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழையதை அழித்துவிட்டு இரண்டு கேபிளாக மீண்டும் வரையுங்கள் என்று சொன்னால், மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அந்த வேலையை இரண்டு முறை செய்வார்கள் உங்கள் ஆட்கள். மூன்றாவது முறை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து கணக்கு பொய் சொல்லத் தொடங்கும்.

கணக்கு பழசாகாமல் இருக்க ஒழுங்கு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒழுங்கைக் கேட்டு வாங்க முடியாது, வேலை முறைக்குள் வைத்துக் கட்ட வேண்டும். ஸ்ப்ளைசருக்குப் பெட்டி எண்ணிக்கையில் கூலி கொடுக்கிறீர்களா? திறந்த பெட்டியின் புகைப்படமும், தட்டின் நெருக்கமான படமும், இருபுற உறை எண்ணும் கைப்பேசியில் வந்த பிறகே அந்தப் பெட்டிக்குக் கூலி என்று வையுங்கள். அதை அலுவலகத்தில் ஒருவர் அன்று மாலையே ஸ்ப்ளைஸ் வரிகளாக ஏற்றட்டும். களத்தில் இருப்பவரிடம் 48 வரி தட்டச்சு செய்யச் சொல்வது நடக்காத காரியம்.

உங்கள் மூத்த ஸ்ப்ளைசர் கிளம்புவதற்குள் என்ன செய்யலாம்? மென்பொருள் முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். அவரோடு ஒரு இளைஞரை அனுப்பி, பெட்டிக்குப் பெட்டி எண் ஒட்டுங்கள், வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் ஒட்டுத்தாளில். எண்ணுக்குள் தெருப் பெயரையோ ஸ்ப்ளிட்டர் அளவையோ திணிக்காதீர்கள். பெட்டி இடம் மாறும், ஸ்ப்ளிட்டர் மாறும், எண் மாறக்கூடாது. வரிசை எண் போதும். எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டியைத் திறந்தால் எங்கோ ஒரு கோர் ஒடியும், நாளெல்லாம் புகார் வரும். அலுவலகத்திலிருந்து கிளம்பும் முதன்மைக் கேபிள்கள், முதல் நிலை ஸ்ப்ளிட்டர்கள் உள்ள பெட்டிகள் ஆகியவற்றை மட்டும் இப்போது முழுமையாக எழுதுங்கள், அதுவும் இணையப் பயன்பாடு குறைவான அதிகாலை நேரத்தில். மீதிப் பெட்டிகளுக்கு அவர் நினைவில் இருப்பதை எழுதி, ‘சரிபார்க்கவில்லை’ என்று குறியிடுங்கள். இனி எந்தக் காரணத்துக்காக ஒரு பெட்டியைத் திறந்தாலும் அப்போது அதைச் சரிபார்த்துக் குறியை மாற்றலாம். ஒவ்வொரு பதிவுக்கும் ‘நேரில் பார்த்தது’, ‘கேட்டு எழுதியது’ என்ற வேறுபாடு கணக்கிலேயே இருக்க வேண்டும். எதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியாத கணக்கை அவசரத்தில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இடத்தைக் குறிப்பதில் கம்பங்களுக்கு கைப்பேசியின் ஜி.பி.எஸ். போதும், ஐந்து மீட்டர் பிசகினாலும் கம்பம் கண்ணுக்குத் தெரியும். புதைத்த கேபிளுக்கு அது போதாது. சாலையின் நடுக்கோட்டிலிருந்தோ, பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்தோ நாடா வைத்து அளந்து, ஆழத்தோடு சேர்த்து எழுதுங்கள். பள்ளம் மூடுவதற்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தால் பத்து ஆண்டு கழித்தும் பேசும்.

இதில் அரசுப் பக்கத்திலும் ஒரு பயன் இருக்கிறது. தோண்டுகிறவர்கள் முன்கூட்டியே தெரிவிப்பதற்கான ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி 2023 மார்ச் 22 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. யாராவது ஓரிடத்தில் தோண்டப்போவதாகப் பதிந்தால், அங்கே நிலத்தடியில் சொத்து வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். உங்கள் கேபிள் எங்கே புதைந்திருக்கிறது என்பது அட்சரேகை, தீர்க்கரேகையோடு இருந்தால்தான் அந்தத் தகவல் வந்தவுடன் ஆள் அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் கீழ் வந்த புதிய வழியுரிமை விதிகள் (பிறர் இடத்தில் கேபிள் போடும் அனுமதிக்கானவை) 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன; அனுமதி விண்ணப்பத்துக்கும் பாதையின் விவரம் கேட்பார்கள். கணக்கு ஒழுங்காக இருந்தால் அந்தத் தாள்களும் அதிலிருந்தே தயாராகிவிடும்.

கடைசியாக ஒப்பந்தம். எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும், உங்கள் தரவு முழுவதையும், வரைபடக் கோடுகளை மட்டுமல்லாமல் முனையோடு முனை சேரும் ஒவ்வொரு வரியையும், பொதுவான கோப்பு வடிவத்தில் நீங்களே எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். வரைபடத்தை மட்டும் ஏற்றுமதி செய்யவிட்டு, ஸ்ப்ளைஸ் வரிகளைத் தராத மென்பொருள்கள் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் மேலே சொன்ன அந்தச் சிக்கலான பெட்டியை உள்ளிட்டபின், அதை ஏற்றுமதி செய்து எக்செலில் திறந்து, உள்ளிட்ட எல்லா வரிகளும் வந்திருக்கின்றனவா என்று உங்கள் ஆளையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரின் அளவையும் நீங்கள் சொன்ன ஆட்களையும் வைத்துப் பார்த்தால், நான் முதலில் போஸ்ட்கிரெஸ் வழியை முதன்மைக் கேபிள்களுக்கு மட்டும் முயன்று பார்ப்பேன். ஸ்ப்ளைஸ் திரை எழுத ஆள் அமையவில்லையென்றால் அந்தத் தரவை அப்படியே எடுத்துக்கொண்டு சந்தா மென்பொருளுக்குப் போகலாம். சேகரித்த எதுவும் வீணாகாது. எந்த ஓ.எல்.டி. வைத்திருக்கிறீர்கள் என்று எழுதினால், அதிலிருந்து தூரத்தையும் பவரையும் எப்படி எடுப்பது என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.